5 டன் என்று எழுதியிருந்தால் 5 டன் தூக்கலாமா?

கிரேனின் குறுக்குச் சட்டத்தில் "5 டன்" என்று தூரத்திலிருந்தே தெரியும்படி எழுதியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு 5 டன் வரை எதை வேண்டுமானாலும் மாட்டலாம் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். சட்டம் அவ்வளவு தாராளமாக நினைக்கவில்லை. சுமை தூக்கும் கருவிகளுக்கான விதிகள் எந்த நாட்டுடையதாக இருந்தாலும், அவை சுற்றிச் சுற்றி வருவது அந்த எண்ணிடம்தான்.

முதலில், இந்த விதிகள் கிரேனுக்கு மட்டும் உரியவை அல்ல. 2025 நவம்பரில் புதிய சட்டத் தொகுப்பு வரும்வரை இந்தியாவில் நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 29ஆம் பிரிவில் வின்ச்சும் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் கருவி) கப்பியும்கூடத் தூக்கும் இயந்திரங்கள்தான். சங்கிலி, கயிறு, கொக்கி, ஷேக்கிள் (U வடிவ இணைப்பு வளையம்), ஸ்லிங் (சுமையைக் கட்டிக் கொக்கியில் மாட்டும் கயிறு அல்லது சங்கிலி) எல்லாம் தனியே பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருந்தன. காரணம் இருக்கிறது. கிரேனுக்கு வருடம் தவறாமல் வண்ணம் பூசுவார்கள். ஸ்லிங் மட்டும் எண்ணெயும் மண்ணுமாக ஒரு மூலையில் கிடக்கும். கடைசியில் சுமையைப் பிடித்துத் தொங்குவது அந்த ஸ்லிங்தான். அந்தச் சட்டப்படி ஒவ்வொன்றின் மீதும் பாதுகாப்பாகத் தூக்கக்கூடிய எடையும் அடையாளக் குறியும் தெளிவாக இருக்க வேண்டியிருந்தது. குறிக்க முடியாத இடத்தில் அந்த விவரங்களை அட்டவணையாக எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டியிருந்தது. சோதனைக்காக அன்றி அந்த எடையைத் தாண்டக் கூடாது என்றும் அது சொன்னது.

இனி அந்த எண்ணின் பொருளுக்கு வருவோம். நகரும் கிரேனில் கை நீள நீள, தூக்கும் திறன் குறைந்துகொண்டே போகும். அருகில் அலட்சியமாகத் தூக்கிய அதே சுமை, கையை முழுவதும் நீட்டியபோது வண்டியையே கவிழ்த்துவிடலாம். ஆகவேதான், துறைமுக வேலைக்கான சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1979ஆம் ஆண்டு உடன்படிக்கை (எண் 152), ஒன்றுக்கு மேற்பட்ட எடை வரம்பு உள்ள கருவியில் எந்த நிலையில் எவ்வளவு தூக்கலாம் என்பதை ஓட்டுநர் அறிய வழி இருக்க வேண்டும் என்கிறது. ஓட்டுநர் அறையில் இருக்கும் எடை அட்டவணை அதற்குத்தான்.

ஸ்லிங்கிலும் இதே கதைதான். 2 டன் சுமையை, மேலிருந்து இரண்டு கிளையாகப் பிரியும் இரண்டு கால் ஸ்லிங்கில் தூக்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். கால்கள் செங்குத்தாக இருந்தால் காலுக்கு 1 டன் இழுவிசை. கிடைமட்டத்தோடு 60 பாகையில் அது சுமார் 1.15 டன், 45 பாகையில் 1.41 டன். கயிறு குட்டையாக இருந்து கோணம் 30 பாகைக்கு இறங்கிவிட்டால், ஒவ்வொரு காலும் 2 டன்னைத் தாங்க வேண்டியிருக்கும். சுமை ஒரு கிலோகூடக் கூடவில்லை.

சரி, அந்த எண் இன்றும் செல்லுமா? அதற்குத்தான் தகுதி வாய்ந்த நபரின் முழுப் பரிசோதனை. இந்தியாவின் அந்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் இது 12 மாதத்துக்கு ஒரு முறையாவது நடக்க வேண்டியிருந்தது. லிஃப்ட், ஹாய்ஸ்ட் (வழித்தடத்தில் ஏறி இறங்கும் மேடை) ஆகியவற்றுக்கு அதன் 28ஆம் பிரிவின்படி 6 மாதம். பிரிட்டனின் 1998ஆம் ஆண்டு விதிமுறைகளில், ஆட்களைத் தூக்கும் கருவிகளுக்கும் ஸ்லிங் போன்ற துணைக்கருவிகளுக்கும் பொதுவாக 6 மாதம், மற்றவற்றுக்கு 12 மாதம். முடிவுகளைப் பதிவேட்டில் எழுத வேண்டும். எட்டுக் கருவிகளுக்கும் ஒரே நாளில், ஒரே பேனாவில் "நன்று" என்று எழுதியிருக்கும் பதிவேட்டை நான் நம்ப மாட்டேன். காலையில் ஆபரேட்டர் கொக்கியின் தாழ்ப்பாளையும் கயிற்றின் அறுந்த இழைகளையும் பார்ப்பது வேறு வேலை; ஒன்று நடந்துவிட்டதால் மற்றொன்றை விட்டுவிட முடியாது.

கொக்கியில் கால் வைத்து மேலே போகும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. கட்டுமானப் பாதுகாப்புக்கான சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1988ஆம் ஆண்டு உடன்படிக்கை (எண் 167), ஆட்களைத் தூக்குவதற்கென்றே செய்யப்பட்டு, பொருத்தப்பட்ட கருவியில் அன்றி யாரையும் ஏற்றக் கூடாது என்கிறது. உயிருக்கோ உடலுக்கோ கடும் ஆபத்து நேரக்கூடிய அவசரத்தில் மட்டும் விலக்கு உண்டு. அப்போதும் அந்தக் கருவியைப் பாதுகாப்பாகப் பயன்படுத்த முடிய வேண்டும். தண்டவாளத்தில் ஓடும் கிரேனுக்கு இந்தியாவின் அந்த 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஓர் அளவையே சொல்லியிருந்தது: கிரேன் மோதக்கூடிய இடத்தில், அதன் பாதையிலோ அருகிலோ ஆள் வேலை செய்யும்போது, அந்த இடத்துக்கு 6 மீட்டருக்குள் அது வராதபடி தடுக்க வேண்டும். "பார்த்து ஓட்டுகிறேன்" என்ற வாய்மொழி உறுதி இதற்குப் போதாது.

தொழிலாளிக்கு உரிமையும் உண்டு. அதே அமைப்பின் 1981ஆம் ஆண்டு 155ஆம் உடன்படிக்கைப்படி, உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடியான கடும் ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்து வேலையிலிருந்து விலகியவரைத் தண்டிக்கக் கூடாது. அவர் உடனே மேற்பார்வையாளரிடம் சொல்ல வேண்டும். ஆபத்து நீங்காதவரை அங்கே திரும்பிப் போகும்படி முதலாளி கட்டாயப்படுத்த முடியாது. 2022 ஜூனில் சர்வதேச தொழிலாளர் அமைப்பு இந்த 155ஆம் உடன்படிக்கையை அடிப்படை உடன்படிக்கைகளில் ஒன்றாக அறிவித்தது. ஆனால் உடன்படிக்கை அந்தந்த நாட்டின் சட்டம் வழியாகவே செயலுக்கு வரும். எனவே உங்கள் நாட்டுச் சட்டத்தில் இந்த உரிமை எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதைத் தொழிற்சங்கத்திடமோ ஆய்வாளர் அலுவலகத்திடமோ கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

சொல்லும்போது "ஸ்லிங் சரியில்லை" என்று பொதுவாகச் சொன்னால் "அப்புறம் பார்க்கலாம்" என்ற பதில்தான் வரும். அடையாள எண் இது, கண்ணியிலிருந்து ஒரு முழத்தில் இழைகள் அறுந்திருக்கின்றன, எடைத் தகடு இல்லை என்று எழுதிக் கொடுத்து, தேதி போட்டு ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள்.