ஒஃப்லைன்: ‘அகல்நிலை’ வேண்டாம், ‘இணைப்பின்றி’ போதும்

“அகல்நிலைப் பார்வைக்காக முழுமையான வலைப்பக்கத்தைச் சேமிக்கவும்.” கிளிநொச்சிப் பக்கம் மாணவர்களுக்குக் கொடுத்த கணினிக் கையேடு ஒன்றில் இருந்த வரி இது. ஒஃப்லைனுக்குத் தமிழாக வைத்த இந்த ‘அகல்நிலை’யைக் கண்டு கண்டு அலுத்துவிட்டது. திரையை அகலமாக்கிப் பார்க்கச் சொல்கிறார்கள் என்று நினைத்து, ஒரு பிள்ளை கைத்தொலைபேசியைக் குறுக்காகத் திருப்பிப் பிடித்தது. பிள்ளையில் பிழை இல்லை.

ஒஃப்லைன் என்ற சொல்லின் கதை சின்னது. ‘லைன்’ என்பது கம்பித் தொடர்பு. பெருங்கணினியோடு தொடுக்காமல் தனியே ஓடிய அச்சு இயந்திரம் போன்றவற்றை 1950களில் ஒஃப்லைன் என்றார்கள். இணையம் வந்தபின் அந்தத் தொடர்பு இல்லாமல் இருப்பதற்கும் அதுவே பெயரானது.

சரி, ‘அகல்நிலை’யில் தொடர்பு எங்கே இருக்கிறது? அகலுதலுக்கு விலகுதல், விரிதல் என்று இரண்டு பொருள். ஆக்கியவர் விலகுதலைத்தான் எண்ணியிருப்பார். ஆனால் ‘துயர் அகன்றது’ போன்ற சில இடங்களை விட்டால், அகல் என்றதும் நமக்கு வருவது அகலம்தான். அதைவிடப் பெரிய குழப்பம், புரோட்பாண்டுக்கு ‘அகலப்பட்டை’ என்று ஏற்கெனவே ஒரு சொல் புழங்குகிறது. ஒரே துறையில் வேகமான இணைப்புக்கும் அகல், இணைப்பே இல்லாததற்கும் அகல் என்றால் படிக்கிறவர் எதைப் பிடித்துக்கொள்வார்? அகல்நிலைக்குச் சோடியாக, ஒன்லைனுக்கு வைத்த ‘நிகழ்நிலை’, 2024ஆம் ஆண்டு நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தோடு இலங்கையில் ஊன்றிவிட்டது. அதை இனி அசைப்பது கடினம். என்றாலும் நிகழ்தலுக்கு எதிர் அகலுதலா? சோடிச் சொற்களில் ஒன்றைக் கேட்டால் மற்றது தானாக விளங்க வேண்டும்.

நல்ல தமிழ்ச்சொல் வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். அது சனத்தின் வாயிலேயே இருக்கிறது. மாங்குளத்தில் இருந்து முல்லைத்தீவுக்குப் பஸ்ஸில் போகிறவரைக் கேளுங்கள், “நெற் இல்லாமப் பாக்கலாம்” என்பார். அந்த ‘இல்லாம’வுக்கு எழுத்து வழக்கில் நிற்பதுதான் ‘இன்றி’. ‘இணையமின்றி’ என்றால் பொருள் குறுகிவிடும். ‘இணைப்பின்றி’ என்றால் கம்பி கழன்று நிற்கும் அச்சு இயந்திரத்துக்கும் பொருந்தும்.

அந்தக் கையேட்டு வரியின் மற்றச் சொற்களும் உதவவில்லை. ‘சேமிக்கவும்’ என்றதை, பக்கத்தின் முகவரியை மட்டும் குறித்து வைக்கும் புக்மார்க் போடுவது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அதைத் திறக்கத் திரும்பவும் இணைப்பு வேண்டும். ‘முழுமையான’ என்பதும் ஏமாற்றும். பக்கத்தில் ஓடும் காணொளி பெரும்பாலும் கூட வராது. கீழே உருட்டும்போதுதான் ஏறும் படங்களும், கடைசிவரை உருட்டாமல் இறக்கினால் விடுபட்டுப்போகலாம். “இணைப்பின்றி வாசிக்க, பக்கத்தைப் படங்களோடு இறக்கி வைக்கவும்” என்று எழுதியிருந்தால் வேலை முடிந்திருக்கும்.

மொழிபெயர்ப்பவர்கள் சொற்பட்டியலை மட்டும் பார்க்காமல், ஒருதடவை கணினியில் ஒரு வலைப்பக்கத்தைத் திறந்து கன்ட்ரோல் எஸ் அழுத்திப் பார்க்க வேண்டும். முழுப்பக்கம் என்று தெரிவுசெய்தால், பக்கத்தின் எழுத்து இருக்கும் ஒரு எச்டிஎம்எல் கோப்பும், அதே பெயரில் படங்கள் கிடக்கும் ஒரு கோப்புறையும் வரும். கோப்பை மட்டும் பென்டிரைவில் போட்டுக்கொண்டு போனால் படங்கள் இருந்த இடமெல்லாம் வெறும் பெட்டிதான். ஒரே கோப்பாக வேண்டும் என்றால் எம்எச்டிஎம்எல் வடிவம் இருக்கிறது. கையேட்டில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.