மாடிஃபை செய்த ஸ்போர்ட்ஸ் காரை நேரடியாக விற்பது: ஆர்.சி. பெயர் மாறும்வரை செய்ய வேண்டியவை

மோட்டார் வாகனச் சட்டத்தின் கண்ணில், ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் காரின் உரிமையாளர். பணம் யார் கொடுத்தார், கார் இப்போது யார் வீட்டு வாசலில் நிற்கிறது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். 2018 பிப்ரவரியில் நவீன் குமார் – விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. 2007-இல் விற்கப்பட்டு, பிறகு பல கை மாறிய கார் அது. 2009-இல் விபத்து நடந்தது. ஆர்.சி.யில் பெயர் மாறாமலே இருந்ததால் இழப்பீட்டுப் பொறுப்பு முதலில் விற்றவர் தலையில் விழுந்தது.

ஸ்போர்ட்ஸ் கார் விற்பவர் இதை இன்னும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். 200 குதிரைத்திறன் உள்ள காரை வாங்குபவர் முதல் வாரமே அதன் வேகத்தைப் பார்க்கத்தான் போகிறார். கேமரா பிடித்தால் சலான் ஆர்.சி.யில் உள்ளவருக்கு வரும். விபத்து என்றால் சம்மனும் அவருக்கே.

சட்டம் கொடுக்கும் கெடு இதுதான். பிரிவு 50-இன்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வேறு மாநிலப் பதிவு என்றால் 45 நாள். வாங்குபவருக்கு 30 நாள். இரண்டும் தனித்தனிக் கடமைகள். "வாங்கினவர் மாத்திக்குவார்" என்று விட்டுவிட்டால் விற்றவரின் கடமை அப்படியே நிற்கும்.

முதலில் கார் ஆர்.சி.யோடு பொருந்த வேண்டும்

சாதாரண காரில் வராத சிக்கல் இங்கேதான் வருகிறது. தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரமும் ஆர்.சி.யில் உள்ள விவரமும் வேறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது பிரிவு 52. 2019 ஜனவரியில் கேரளாவிலிருந்து வந்த ஜெயச்சந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம் பிரிவு 182ஏ(4)-ஐச் சேர்த்தது: அனுமதியில்லாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். காருக்கு இவ்வளவு என்று இல்லை, மாற்றத்துக்கு இவ்வளவு என்பதைக் கவனியுங்கள். நான்கு மாற்றம் என்றால் 20,000.

விற்பதற்கு முன் காரை முடிந்தவரை ஸ்டாக் நிலைக்கு, அதாவது கம்பெனியிலிருந்து வந்த நிலைக்கு, கொண்டுவந்துவிட்டு, மாடிஃபிகேஷன் பாகங்களைத் தனியாக விற்பதே நல்லது என்பது எங்கள் கருத்து. சட்டம் மட்டும் இதற்குக் காரணமில்லை. பழைய கார் கடன் கொடுக்கும் வங்கியின் மதிப்பீட்டாளர் ஸ்டாக் காருக்குத்தான் விலை போடுவார். ஒரு லட்சத்துக்குப் போட்ட காயில்ஓவர் (உயரம் மாற்றக்கூடிய சஸ்பென்ஷன்) செட் அவர் கணக்கில் வராது. அதையே வெளியே தனியாக விற்றால் ஓரளவு காசு திரும்பும். கழற்றிய ஒரிஜினல் ஸ்பிரிங், டேம்பர், சைலன்சர், ஏர் பாக்ஸ், அலாய் எல்லாம் பத்திரமாக இருக்கிறதா என்று விளம்பரம் போடும் முன்பே பாருங்கள். இல்லையென்றால் பழைய பாகம் தேடவே வாரக்கணக்கில் ஆகும்.

நிறம்தான் ஆர்.டி.ஓ. ஆய்வில் முதலில் மாட்டும். ஆர்.சி.யில் "வெள்ளை" என்று இருக்க, கார் மேட் கறுப்பு ரேப்பில் (பெயின்டின் மேல் ஒட்டும் ஃபிலிமில்) நின்றால், இன்ஸ்பெக்டர் சேசிஸ் நம்பர் வரைகூடப் போக மாட்டார். ரேப்பை எடுத்துவிடுங்கள், ஆனால் ஆய்வுக்கு முந்தின நாள் எடுக்காதீர்கள். கம்பெனி பெயின்ட் பொதுவாகத் தாங்கும். ஏற்கெனவே டிங்கரிங் பார்த்து மறுபெயின்ட் அடித்த பேனலில் ரேப்போடு சேர்ந்து பெயின்டும் உரிந்து வரும். அப்படி வந்தால் சரிசெய்ய நாள் வேண்டும். நிறத்தையே நிரந்தரமாக மாற்றியிருந்தால், ஆர்.டி.ஓ. அனுமதியோடு அது ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும்.

இன்ஜின் மாற்றியிருந்தால் நிலைமை இன்னும் கடினம். முன் அனுமதி வாங்கி, மாற்றிய 14 நாளுக்குள் தெரிவித்து, புதிய இன்ஜின் எண் ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். எண் பொருந்தாத காருக்கு அதைச் சரிசெய்யும் முன் அட்வான்ஸ்கூட வாங்காதீர்கள்.

எக்ஸாஸ்ட் விஷயத்தில் சத்தம் ஒரு பக்கம் என்றால், புகைச் சோதனை இன்னொரு பக்கம். புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் இல்லாத டவுன்பைப் (டர்போவிலிருந்து புகை வெளியேறும் குழாய்) போட்ட பெட்ரோல் கார், முறையாகச் சோதித்தால் பி.யு.சி. (புகைச் சோதனைச் சான்று) பெறுவது கடினம். பி.எஸ். 4 மாசுக் கட்டுப்பாட்டு விதி முதலான பெட்ரோல் கார்களுக்கு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பி.பி.எம். தாண்டக் கூடாது. பிறகு 2,500 ஆர்.பி.எம்.மில் பிடித்துப் பார்க்கும்போது கார்பன் மோனாக்சைடு 0.2 சதவீதத்துக்குள், லாம்டா (காற்று–எரிபொருள் விகித அளவு) 0.97-க்கும் 1.03-க்கும் நடுவில் இருக்க வேண்டும். கன்வர்ட்டர் இல்லாத கார் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் விழும். ஒரிஜினல் டவுன்பைப்பைத் திரும்பப் போடும்போது கேஸ்கெட் புதிதாகப் போடுங்கள். பழைய கேஸ்கெட்டில் காற்று கசிந்தால் ஆக்சிஜன் சென்சார் தவறான அளவு காட்டி, செக் இன்ஜின் விளக்கு எரியும். வாங்க வருபவர் அதைப் பார்த்தால் பேச்சு அங்கேயே முடியும்.

ஈ.சி.யு. ரீமேப் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியின் மென்பொருளை மாற்றுவது) ஆர்.சி.யில் தெரியாது, சி.சி.யும் மாறாது. அதனால் மறைத்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். டியூனரிடம் உங்கள் காரின் ஸ்டாக் ஃபைல் இருந்தால் அதைத் திரும்ப ஏற்றச் சொல்லுங்கள். ஏற்றினாலும், பல கார்களில் மென்பொருள் எத்தனை முறை மாற்றப்பட்டது என்ற கணக்கு ஈ.சி.யு.விலேயே இருக்கும். சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போட்டதும் அது வெளியே வரும். வாரன்டி பாக்கி இருக்கிற காரில் இதைச் சொல்லாமல் விற்பது, இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி மோசடி என்று வாதிட வாங்கியவருக்கு இடம் கொடுக்கும். எந்த ஸ்டேஜ் (டியூனிங்கின் அளவு), எப்போது செய்தது, எத்தனை கிலோமீட்டர் அந்த மேப்பில் ஓடியது, கிளட்ச்சோ டி.எஸ்.ஜி. ஆட்டோ கியர்பாக்ஸோ அதன்பின் பார்த்தீர்களா, இதையெல்லாம் எழுதிக் கொடுங்கள். விவரம் தெரிந்து வாங்குபவர் அந்தத் தாளுக்கே மதிப்பு கொடுப்பார்.

டயர், அலாயில் கொஞ்சம் கணக்கு பாருங்கள். 225/45 ஆர்17 டயரின் மொத்த விட்டம் சுமார் 634 மி.மீ. அதை 225/40 ஆர்18 ஆக்கினால் 637 மி.மீ.; வித்தியாசம் அரை சதவீதம்தான். அதே இடத்தில் 235/45 ஆர்18 போட்டால் 669 மி.மீ. ஆகிவிடும், 5 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம். ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும், ஓடோமீட்டரும் குறைத்தே எண்ணும். அப்படி ஓடிய காரில் "ஓடியது இத்தனை கிலோமீட்டர்" என்று சொல்வதும் சரியான தகவல் ஆகாது. 3 சதவீதம் தாண்டிய செட் இருந்தால் ஸ்டாக் செட்டைப் போட்டு விற்பதே நேர்மை.

கண்ணாடியில் ஒளி ஊடுருவல் முன்னும் பின்னும் குறைந்தது 70 சதவீதம், பக்கவாட்டில் 50 சதவீதம் வேண்டும். அதைவிடக் கறுப்பான ஃபிலிமை உரித்துவிடுங்கள். ஏர் ஹாரன், கண் கூசும் விளக்குகளும் அப்படியே. நம்பர் பிளேட் உயர் பாதுகாப்புப் பிளேட்டாக இருக்கட்டும். 2019 ஏப்ரல் 1 முதல் பதிவான கார்களுக்கு அது கட்டாயம். ஃபேன்சி எழுத்தில் எண் எழுதிய பிளேட்டோடு ஆய்வுக்குப் போகாதீர்கள்.

காகிதங்கள்

மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் காரின் எண்ணைப் போட்டு நான்கு விஷயம் பாருங்கள்: கடன் பதிவு நீங்கியதா, சலான் பாக்கி உண்டா, இன்சூரன்ஸும் பி.யு.சி.யும் நடப்பில் உள்ளனவா, உங்கள் மொபைல் எண் சரியாக இருக்கிறதா. கடைசியில் சொன்னதைத்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஓ.டி.பி. ஆர்.சி.யில் பதிவான எண்ணுக்கே வரும். ஷோரூம்காரர் அன்று கொடுத்த ஏதோ ஒரு எண் அதில் இருந்தால் விண்ணப்பம் நகராது. முதலில் அதை மாற்றுங்கள்.

கடன் அடைத்து முடித்திருந்தாலும் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் தானாக நீங்கிவிடும் என்று இருந்துவிடாதீர்கள். வங்கி கையொப்பமிட்ட படிவம் 35-உம் தடையில்லாச் சான்றும் கொடுத்து ஹைப்போதிகேஷனை (கடன் பதிவை) நீக்க வேண்டும். வங்கியின் சான்றுக்கு வழக்கமாக மூன்று மாதம்தான் ஆயுள். வாங்கி அலமாரியில் வைத்துவிட்டால் மறுபடி அலைய வேண்டும்.

பெயர் மாற்றத்துக்கு இரண்டு படிவங்கள். படிவம் 29 விற்றதைத் தெரிவிப்பது. இரண்டு பிரதி போடுங்கள். படிவம் 30 பெயர் மாற்றக் கோரும் விண்ணப்பம். அதில் இருவர் கையொப்பமும் வேண்டும். அசல் ஆர்.சி., இன்சூரன்ஸ், பி.யு.சி., வாங்குபவரின் முகவரிச் சான்று, இருவரின் பான் ஆகியவை கூடவே போகும். கையொப்பம் அலுவலகப் பதிவில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். பெயர் மாற்றக் கட்டணம் பதிவுக் கட்டணத்தில் பாதி: சாதாரண காருக்கு 300 ரூபாய், முழுதாக இறக்குமதியான காருக்கு 2,500 ரூபாய், ஸ்மார்ட் கார்டு, சேவைக் கட்டணங்கள் தனி. தமிழ்நாட்டில் புதிய ஆர்.சி. தபாலில்தான் போகிறது. ஆகவே வாங்குபவர் கொடுக்கும் முகவரி அவர் உண்மையிலேயே இருக்கிற இடமாக இருக்கட்டும்.

வாங்குபவர் பெயரும் தேதியும் இல்லாத வெற்றுப் படிவத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். புரோக்கர்கள் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவம் இருந்தால், காரை யார் பெயருக்கும் மாற்றாமல் மூன்று நான்கு கை விற்கலாம். அத்தனை நாளும் உரிமையாளர் நீங்கள்தான். வியாபாரியிடமே கொடுப்பதாக இருந்தால், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள விதி உங்களுக்குத் துணை: அங்கீகாரம் பெற்ற பழைய வாகன டீலரிடம் காரை ஒப்படைத்து படிவம் 29சி மூலம் பதிவு செய்தால், அதுமுதல் பொறுப்பு டீலருடையது. அங்கீகாரச் சான்று இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

வேறு மாநிலத்துக்காரர் வாங்கினால் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். புதுச்சேரிப் பதிவு ஸ்போர்ட்ஸ் கார்களைத் தமிழ்நாட்டில் நிறையவே பார்க்கிறோம். அதைச் சென்னைக்காரர் வாங்கி இங்கே வைத்துக்கொள்வதென்றால் தமிழ்நாட்டு வாழ்நாள் வரி கட்டியாக வேண்டும். 12 மாதத்துக்கு மேல் இங்கே இருந்தால் புதிய பதிவு எண்ணும் வேண்டும். விலை பேசும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். மறுபதிவுக்குக் காரை நேரில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். மேலே சொன்ன மாற்றங்கள் எல்லாம் வரிசையாகக் கேள்வியாவது அந்த ஆய்வில்தான்.

இன்சூரன்ஸும் பணமும்

பிரிவு 157-இன்படி மூன்றாம் நபர் காப்பீடு காரோடு சேர்ந்து வாங்கியவருக்குப் போய்விடும். காரின் சொந்தச் சேதத்துக்கான காப்பீடு அப்படிப் போகாது. வாங்கியவர் 14 நாளுக்குள் கம்பெனியிடம் விண்ணப்பித்துத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். அதற்கு முன் கார் மோதி நொறுங்கினால் விற்றவருக்கும் கிடைக்காது, வாங்கியவருக்கும் கிடைக்காது. நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் எடுக்காத ஆண்டுகளுக்கான பிரீமியத் தள்ளுபடி) உங்களுடையது, காருடையதல்ல. அதிகபட்சம் 50 சதவீதம் வரை சேர்ந்திருக்கும் அந்தச் சலுகையை விட்டுவிடாதீர்கள்: விற்ற ஆதாரத்தைக் காட்டி கம்பெனியிடம் கடிதம் வாங்கினால் மூன்று ஆண்டுக்குள் வாங்கும் புதிய காருக்குப் பயன்படுத்தலாம். காரில் மீதமிருக்கும் மாற்றங்களைக் கம்பெனிக்குத் தெரிவிக்குமாறு வாங்குபவரிடம் சொல்லுங்கள். தெரிவிக்காத மாற்றம் கிளெய்ம் மறுக்கக் காரணமாகும்.

ரொக்கம் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ வாங்கக் கூடாது. தவணையாகப் பிரித்து வாங்கினாலும் ஒரே விற்பனை என்பதால் விதி பொருந்தும். அபராதம் வாங்கிய தொகை அளவுக்கே வரலாம். வங்கி வழியாக வாங்கி, பணம் கணக்கில் ஏறியதை உங்கள் வங்கிச் செயலியில் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள். அவர் மொபைலில் காட்டும் ஸ்கிரீன்ஷாட் போதாது. தனிநபர் தன் சொந்த உபயோகக் காரை விற்றால் ஜி.எஸ்.டி. இல்லை. தொழில் கணக்கில் தேய்மானம் காட்டாத காராக இருந்தால் மூலதன ஆதாய வரியும் இல்லை.

டெஸ்ட் டிரைவுக்கு முன் ஓட்டுநர் உரிமத்தை வாங்கிப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உரிமம் இல்லாதவர் கையில் காரைக் கொடுத்தால் 5,000 ரூபாய் அபராதமோ சிறையோ உரிமையாளருக்கு. பக்கத்தில் நீங்களும் உட்காருங்கள். டர்போ சூடாகும்வரை முழுசாக மிதிக்க விடாதீர்கள்.

ஒப்படைக்கும் அன்று டெலிவரி நோட் ஒன்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். தேதியோடு நேரத்தையும் போடுங்கள்: "மாலை 5.40" என்று எழுதியிருந்தால், 6.15-க்கு விழுந்த சலான் யாருடையது என்பதில் சண்டை இருக்காது. ஓடோமீட்டர் எண், சேசிஸ், இன்ஜின் எண்கள், சாவி எத்தனை, காரில் இருக்கும் மாற்றங்கள், கழற்றிக் கொடுத்த பாகங்கள் எல்லாம் அதில் வரட்டும். ஃபாஸ்டேக்கை அன்றே மூடிவிடுங்கள். விட்டால் அவர் போகும் டோல்கேட்டுக்கெல்லாம் உங்கள் கணக்கில் கழியும்.

விலையில் ஒரு பகுதியைப் பெயர் மாறும்வரை நிறுத்திவைக்க வாங்குபவர் கேட்டால் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. அதற்குப் பதில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து, ஒப்படைக்கும் அன்றே பரிவாகனில் விண்ணப்பித்துக் கட்டணமும் கட்டி, விண்ணப்ப எண்ணை இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். வாங்கியவர் இழுத்தடித்தால் 14 நாள் முடிவதற்குள் நீங்களே படிவம் 29-ஐ டெலிவரி நோட்டின் நகலோடு அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். நகலை அவருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பெயர் மாறாதவரை சட்டப்படி நீங்களே உரிமையாளர் என்பது அப்போதும் மாறாது. அதனால் பரிவாகனில் புதிய பெயர் தெரியும்வரை வாரம் ஒருமுறையாவது வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள்.