18 நிமிடத்தை நிறுத்தாதீர்கள்

நியூஜெர்சியில் ஒரு யூதப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை நான். யூதர் அல்ல. ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் யூதர்களின் பஸ்கா பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்பு என் ஆய்வுக்கூடம் ரொட்டிக்கூடமாகிவிடும். பெரிய மேசைகளும் தண்ணீர்க் குழாய்களும் அங்கேதான் இருக்கின்றன என்று முதலில் இடம் மட்டும் கொடுத்தேன். அப்புறம் நானும் மாவில் கை வைத்துவிட்டேன்.

தமிழ் பைபிளில் புளிப்பில்லாத அப்பம் என்று வருமே, அதுதான் மாட்சா. கோதுமை மாவும் தண்ணீரும் மட்டும், உப்புகூடக் கிடையாது. முந்தைய நாள் மாலையே தண்ணீரைப் பிடித்து இரவு முழுக்க ஆற வைக்க வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீர் மாவைச் சீக்கிரம் புளிக்கச் செய்யும் என்ற கவலை. ஒரு மூலையில் மாவு, எதிர் மூலையில் தண்ணீர். இரண்டும் சேர்ந்த நொடியில் கடிகாரம் ஓடத் தொடங்கும். 18 நிமிடத்துக்குள் பிசைந்து, தேய்த்து, உப்பாமல் இருக்கத் துளை போட்டு, சுட்டுவிட வேண்டும். மீதி மாவு குப்பைக்குத்தான். மேசைத் தாளும் உருட்டுக்கட்டைகளும் மாறும், எல்லோரும் கை கழுவுவார்கள், மறுபடி முதலிலிருந்து.

பார்வோன் என்ற மன்னனிடம் அடிமைப்பட்டிருந்து எகிப்தை விட்டு அவசரமாகக் கிளம்பிய இஸ்ரவேலருக்கு மாவு புளிக்கக் காத்திருக்க நேரமில்லை என்பது பைபிளின் யாத்திராகமக் கதை. அந்த அவசரத்தைக் கரும்பலகையில் எழுதிக் காட்ட முடியாது. 12ஆம் நிமிடத்தில் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தால் தெரியும்.

இதை நானே ஒருமுறை கெடுத்தேன். ஒரு பையனின் மாவு மேசையில் ஒட்டிக்கொண்டது, அழும் நிலையில் இருந்தான். பாவம் என்று கடிகாரத்தை நிறுத்தினேன். ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி கேட்டாள்: "அப்போ பார்வோன் காத்திருப்பாரா?" அதற்குப் பிறகு யாரும் ஓடவில்லை. மீதி நேரம் வெறும் சப்பாத்தி வகுப்புதான்.

மரபைக் கையால் கற்றுத்தரும் நிகழ்ச்சிகளில் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். குழந்தை தோற்கக் கூடாது என்று விதியைத் தளர்த்திவிடுகிறோம். ஹனுக்கா என்ற யூதர்களின் விளக்குத் திருவிழாச் சமயத்தில் ஒலிவப் பழத்தைப் பிழியும் நிகழ்ச்சியிலும் இதே ஆசை வரும். இடித்துப் பிழிந்த தெளிவான எண்ணெய் என்று பைபிள் சொல்வதைப் பிள்ளைகள் செய்து பார்க்க வேண்டும். ஆலையிலேயே ஒரு கிலோ பழத்துக்கு 150, 200 கிராம் எண்ணெய் வந்தால் பெரிது. எங்கள் கை அச்சில் வருவதோ கலங்கிய கசப்புச் சாறு. என் ஆய்வுக்கூடத்து மையவிலக்கியில் சுற்றினால்தான் மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம் தெரியும். கடை எண்ணெயைக் கொஞ்சம் ஊற்றிவிடலாமா என்று யாராவது கேட்பார்கள். கூடாது. எருசலேம் ஆலயத்தில் கிடைத்த ஒரே ஒரு குப்பி எண்ணெய் எட்டு நாள் எரிந்ததாகச் சொல்லும் கதையில் அந்தக் குப்பி ஏன் பெரிய விஷயம் என்பது, அரை மணி நேரம் பிழிந்து அரைக் கரண்டி பார்த்தவனுக்குத்தான் புரியும்.

எனக்குப் பிடித்தது ஷோஃபார், அதாவது யூதப் புத்தாண்டில் ஊதும் எக்காளம். செம்மறிக் கிடாயின் கொம்பைக் கொதிக்க வைத்து உள்ளே இருக்கும் எலும்பை உருவி எடுப்பார்கள். நுனி கெட்டியாக இருக்கும், அதை அறுத்துத் துளையிட வேண்டும். துளையிடும்போது முடி கருகும் நாற்றம் வரும். முடியும் கொம்பும் கெரட்டின் என்ற ஒரே புரதம் என்று நான் பாடம் எடுக்க அதைவிட நல்ல நேரம் இல்லை. மான் கொம்பு ஏன் ஆகாது? அது முழுக்க எலும்பு, உருவி எடுக்க உள்ளே எதுவும் இல்லை. மாட்டுக் கொம்பு? இஸ்ரவேலர் வணங்கிப் பாவம் செய்த பொன் கன்றுக்குட்டியை நினைவூட்டும் என்று ரபி, அதாவது யூத மதகுரு, சொல்வார். அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொள்வேன்.

இப்படிப்பட்ட மாட்சாக் கூடங்களையும் ஷோஃபார் பட்டறைகளையும் சபாத் (Chabad) என்ற யூத மத இயக்கத்தின் கிளைகள் ஊர் ஊராக நடத்துகின்றன. உங்கள் பள்ளிக்கு அழைத்தால் சிலவற்றைக் கவனியுங்கள். துளைக் கருவி பெரியவர்கள் கையில்தான். பிள்ளைகள் உப்புத்தாளால் தேய்க்கட்டும், ஆனால் கொம்புத் தூளுக்கு முகக்கவசமும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். கோதுமை ஒவ்வாத பிள்ளையை மாவு பறக்கும் அறைக்குள் விடாதீர்கள். நாங்கள் வெளியே ஒரு கடிகாரமும் விசிலும் கொடுத்து நேரம் அறிவிக்கச் சொல்கிறோம். இப்போது அந்த வேலைக்குத்தான் போட்டி. இன்னொன்று, பள்ளியில் சுட்ட மாட்சா பஸ்கா விருந்துக்கு ஏற்றதல்ல. மாவு அதற்கான கண்காணிப்பில் அரைத்ததில்லை. பையில் ஒரு சீட்டு வைத்து அனுப்புங்கள். எங்கள் மாணவி ஒருத்தி பெருமையாகத் தாத்தாவின் மேசையில் கொண்டுபோய் வைத்து, அவர் தர்மசங்கடப்பட்ட கதை உண்டு.

இதெல்லாம் புதுமோகம், படிப்பைக் கெடுக்கும் என்று சில பெற்றோர் சொல்வார்கள். பஸ்கா இரவில் கசப்புக் கீரையை மெல்ல வைத்து, உப்புத் தண்ணீரில் காய்கறியைத் தொட்டுச் சாப்பிடச் சொல்லி, குழந்தையைக் கேள்வி கேட்க வைக்கும் சமூகம் இது. மத்தியகால ஜெர்மனியில் முதன்முதலாகப் படிக்க வந்த பிள்ளை, பலகையில் எழுதிய எழுத்துகளின் மேல் தடவிய தேனை நக்கித்தான் பாடத்தைத் தொடங்கியது. புதிதாக வந்தது கேள்வித்தாள்தான்.

ஆய்வுக்கூடக் கடிகாரத்தை இப்போது என் கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டியிருக்கிறேன்.