'கிவ் அப்' என்பதில் மேலே போவது எது?

பிளஸ் ஒன் படிக்கும் அக்கா மகள் ஆங்கில நோட்டோடு வந்தாள். "மாமா, கிவ்னா கொடு, அப்னா மேலே. ரெண்டும் சேர்ந்தா எப்படிக் கைவிடுன்னு ஆகும்?"

நியாயமான கேள்வி. பதிலுக்கு நான் ஒன்று கேட்டேன்: "அண்ணன் தம்பி சண்டையில விட்டுக்கொடுன்னு சொல்றோமே, அங்க யார் கையில இருந்து யார் கைக்கு என்ன போகுது?" யோசித்தாள். எதுவும் போகவில்லை. 'விடு', 'கொடு' இரண்டும் சேர்ந்து மூன்றாவதாக ஒரு பொருளைப் பெற்றிருக்கின்றன. ஆங்கிலத்தில் இப்படிச் சேரும் சொற்களுக்கு பிரேசல் வெர்ப் என்று பெயர்.

'கிவ் அப்' மிகப் பழையது. இங்கிலாந்தின் பீட்டர்பரோ மடத்தில் எழுதிவந்த ஆண்டுக் குறிப்பேட்டில், 1132ஆம் ஆண்டுப் பதிவிலேயே அது இருக்கிறது. அரசர் முதலாம் ஹென்றி அந்த மடத்தின் தலைவரைப் பதவியை விட்டுக்கொடுக்கவைத்து, நாட்டைவிட்டே வெளியேற்றினார். அங்கே உண்மையாகவே ஒரு பதவி கைமாறுகிறது. ஒப்படைப்பது என்ற அந்தப் பொருள் விரிந்து விரிந்துதான் சிகரெட்டை விடுவது, முயற்சியைக் கைவிடுவது என்று இன்றைய இடத்துக்கு வந்திருக்கிறது.

சரி, 'அப்' அங்கே என்ன செய்கிறது? குடத்தில் தண்ணீர் பிடிப்பதை நினைத்துப் பாருங்கள். மட்டம் மேலே ஏறி ஏறி விளிம்பைத் தொட்டதும் குடம் நிறைந்துவிடும். மேலே போவதும் முழுமையாவதும் ஒன்றாகவே நடக்கின்றன. அதனால்தான் 'ஈட் அப்' என்றால் மிச்சமில்லாமல் சாப்பிடு, 'யூஸ் அப்' என்றால் தீரத் தீரப் பயன்படுத்து. தமிழில் இந்த வேலையைத் துணைவினைகள் செய்கின்றன. 'சாப்பிடு' வேறு, 'சாப்பிட்டுவிடு' வேறு. 'எழுதித் தள்ளினார்' என்கிறோம், அங்கே யாரும் எதையும் தள்ளுவதில்லை. இந்த ஒப்புமையைப் பள்ளியிலேயே காட்டினால் நம் பிள்ளைகளுக்குப் பாதி பயம் போய்விடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்த இரு சொற்களை மூளை எப்படிக் கையாள்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பெர்ட் கப்பெல், யூரி ஷ்டிரோவ், ஃபிரீட்மான் புல்வர்முல்லர் மூவரும் 2010இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மூளையின் மெல்லிய காந்தப்புலத்தைத் தலைக்கு வெளியிலிருந்தே அளக்கும் கருவியை வைத்து, 'ஹீட் அப்' போன்ற வழக்கில் உள்ள சேர்க்கைகளையும் 'ஹீட் டவுன்' போன்ற வழக்கில் இல்லாதவற்றையும் கேட்கவைத்தார்கள். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பழகிய ஒற்றைச் சொல்லைக் கேட்டால், பொருளற்ற சொல்லைக் கேட்பதைவிட மூளையில் எழும் அலை வலுவாக இருக்கும். இலக்கண விதியால் கோத்த தொடர் என்றால் நேர்மாறு, பிழையான கோவைக்குத்தான் அலை வலுக்கும். இங்கே வலுத்தது 'ஹீட் அப்'புக்கு. அதாவது, எழுத்தில் இரண்டாக நிற்பதை மூளை ஒரே சொல்லாகச் சேமித்து வைத்திருக்கிறது.

ஒரே சொல்தான், ஆனாலும் நடுவில் பிளக்கலாம். 'கிவ் இட் அப்' சரி, 'கிவ் அப் இட்' தவறு. வாக்கியத்தின் கடைசி இடம் புதிய செய்திக்கு உரியது. 'இட்' என்பதோ ஏற்கெனவே தெரிந்த பொருளைச் சுட்டுவது, அதனால் அது நடுவில் ஒதுங்கிக்கொள்ளும், அழுத்தம் 'அப்' மேல் விழும். நாமும் 'விட்டே கொடுக்க மாட்டான்' என்று நடுவில் ஏகாரத்தை நுழைக்கிறோம் அல்லவா?

பின்னால் வினை வந்தால் 'கிவ் அப் ஸ்மோக்கிங்' என்றுதான் வரும், 'டு ஸ்மோக்' வராது. அப்புறம், 'ஆன்' சேர்ந்தால் கவனம் வேண்டும். மகனை 'கிவ் ஹிம் அப்' என்றால் போலீசிடமோ தத்துக்கோ ஒப்படைப்பது. 'கிவ் அப் ஆன் ஹிம்' என்றால், அவன் வீட்டிலேயே இருப்பான். அவன் தேறுவான் என்ற நம்பிக்கைதான் போயிருக்கும்.