மெயில் மெர்ஜ்: அனுப்பும் முன் பட்டியலைப் பாருங்கள்

“என் மகள் வீட்டிலிருந்துதான் கல்லூரிக்கு வருகிறாள். விடுதிக் கட்டணம் 18,500 ரூபாய் பாக்கி என்று எப்படி எழுதினீர்கள்?” என்று கேட்டார் ஒரு தந்தை. அன்று காலை கல்லூரி அலுவலகத்தின் தொலைபேசி ஓயவே இல்லை. அதற்கு முந்தைய மாலை 312 பெற்றோருக்கு மெயில் மெர்ஜ் மூலம், அதாவது ஒரே கடிதத்தில் ஒவ்வொருவர் பெயரையும் தொகையையும் பட்டியலிலிருந்து தானாக நிரப்பி அனுப்பும் வசதி மூலம், நினைவூட்டல் போயிருந்தது. எல்லாக் கடிதத்திலும் பெயர் சரி, முகவரி சரி. தொகை மட்டும் வேறு யாருடையதோ.

கல்லூரி அலுவலகங்களுக்குக் கணினிப் பயிற்சி அளிப்பவன் என்பதால் என்னை அழைத்தார்கள். எக்செல் கோப்பைத் திறந்ததுமே காரணம் தெரிந்தது. பெயர், மின்னஞ்சல், அடுத்து பார்வைக்காக விடப்பட்ட ஒரு காலி நெடுவரிசை, அதன்பின் பாக்கித் தொகை. பெயர்களை யாரோ அகர வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். காலி நெடுவரிசை வந்தால் பட்டியல் அங்கேயே முடிந்துவிட்டதாக எக்செல் எடுத்துக்கொள்ளும். பெயரும் முகவரியும் இடம் மாறின. தொகை இருந்த இடத்திலேயே நின்றது. எச்சரிக்கை எதுவும் வரவில்லை.

மெயில் மெர்ஜ் கட்டளைகள் கடினமானவை அல்ல. வேர்டில் ‘மெயிலிங்ஸ்’ பகுதிக்குப் போய், ‘ஸ்டார்ட் மெயில் மெர்ஜ்’ என்பதில் மின்னஞ்சலைத் தேர்ந்தெடுத்து, ‘செலக்ட் ரெசிபியன்ட்ஸ்’ வழியாக எக்செல் பட்டியலை இணைக்க வேண்டும். பெயரும் தொகையும் வரவேண்டிய இடங்களில் ‘இன்சர்ட் மெர்ஜ் ஃபீல்ட்’ கொடுத்தால் கடிதம் தயார். அரை மணி நேரத்தில் யாரும் கற்றுக்கொள்ளலாம். நினைவூட்டலை அனுப்பிய அலுவலக ஊழியரும் நன்றாகவே கற்றிருந்தார். ‘ப்ரிவியூ ரிசல்ட்ஸ்’ அழுத்தி நாலைந்து கடிதங்களைப் பார்த்தும் இருக்கிறார். பிழையான தொகையும் ஒரு தொகைதானே. திரையில் அது சரியாகத்தான் தெரியும். கட்டணப் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டிருந்தால்தான் பிடிபட்டிருக்கும்.

தேதியும் இப்படித்தான் ஏமாற்றும். கடைசி நாள் 5-8-2025 என்று எக்செல்லில் அழகாக இருக்கும். வேர்டுக்கு வரும்போது அமெரிக்க முறைப்படி 8/5/2025 ஆகிவிடும். ஜூலையில் அதைப் படிக்கும் பெற்றோர், மே 8-ஆம் தேதியோடு கெடு முடிந்துவிட்டது என்றே நினைப்பார். ஆல்ட் விசையுடன் எஃப்9 அழுத்தினால் அந்த இடத்தின் குறியீடு தெரியும். அதில் உள்ள மெர்ஜ் ஃபீல்டின் பெயரை அடுத்து \@ இட்டு, மேற்கோள் குறிக்குள் நாளுக்கு இரண்டு ‘டி’, மாதத்துக்கு இரண்டு ‘எம்’, ஆண்டுக்கு நான்கு ‘ஒய்’ கொடுங்கள். ‘எம்’ பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். சிறிய எழுத்தானால் வேர்டு அதை நிமிடம் என்று கொள்ளும். மதிப்பெண் 72.4 என்பது 72.400000000000006 என்று வந்து நின்றால், அதே இடத்தில் \# 0.0 போதும்.

பாக்கி உள்ளவர்களை மட்டும் எக்செல்லில் வடிகட்டிவிட்டு, அவர்களுக்கு மட்டுமே கடிதம் போகும் என்று நம்பிவிடாதீர்கள். மறைந்திருக்கும் வரிசைகளையும் வேர்டு எடுத்துக்கொள்ளும். வடிகட்டுவதை ‘எடிட் ரெசிபியன்ட் லிஸ்ட்’ பகுதியில் செய்யுங்கள்.

இந்தத் தொல்லைகளுக்குப் பயந்து, எல்லா முகவரிகளையும் ஒரே மின்னஞ்சலின் பெறுநர் இடத்தில் கொட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது இன்னும் மோசம். ஒவ்வொருவர் முகவரியும் மற்ற எல்லோர் கைக்கும் போய்விடுகிறது. 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பார்வையில் மின்னஞ்சல் முகவரியும் தனிநபர் தரவுதான்.

நான் இப்போது எல்லா அலுவலகங்களிலும் வற்புறுத்துவது இதைத்தான்: ‘ஃபினிஷ் அண்ட் மெர்ஜ்’ கொடுக்கும் முன், மின்னஞ்சல் அனுப்பும் அவுட்லுக் மென்பொருளின் பழைய வடிவில் ‘வொர்க் ஆஃப்லைன்’ அழுத்திவிடுங்கள். கடிதங்கள் வெளியே போகாமல் ‘அவுட்பாக்ஸ்’ பெட்டியில் வரிசையாக நிற்கும். முதல் கடிதம், கடைசிக் கடிதம், நடுவில் ஒரு பத்து ஆகியவற்றைத் திறந்து பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். ஒன்று தவறினாலும் மொத்தத்தையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம்.

அந்தக் கல்லூரி மறுநாளே மன்னிப்புக் கடிதம் அனுப்பியது. அதற்குள் ஒருவர் வட்டிக்கு வாங்கிப் பணத்தைக் கட்டிவிட்டிருந்தார். அந்தத் தொகை அவருக்குத் திரும்பிச் சேர மூன்று வாரம் ஆனது.