இறுகிய தரையில் டயர் எதைப் பிடித்துக்கொள்கிறது?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மோவாப் என்ற சிற்றூருக்கு வெளியே மணற்பாறை அலை அலையாக விரிந்து கிடக்கிறது. ஜுராசிக் காலத்தில் காற்று குவித்த மணல்மேடுகள் இறுகிக் கல்லான பாறை அது. அங்கே வந்து குடியேறியவர்கள் அதை ‘வழுக்குப் பாறை’ (ஸ்லிக்ராக்) என்று அழைத்தார்கள். அவர்களுடைய குதிரைகளின் இரும்பு லாடம் அதில் நிற்கவில்லை. 1969இல் மோட்டார் சைக்கிள்களுக்காகக் குறியிடப்பட்ட ஸ்லிக்ராக் தடம் சுமார் 16 கிலோமீட்டர் நீளம். இன்று அதே பாறையின் செங்குத்தான சரிவுகளில் மலைச் சைக்கிள்கள் நிதானமாக ஏறிப் போகின்றன. இரும்பு வழுக்கிய இடத்தில் ரப்பர் பிடிக்கிறது.

டயர் வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது, டயரின் மேற்பரப்பில் துருத்தி நிற்கும் ரப்பர் முனைகளான பட்டன்களின் உயரத்தைத்தான். சேற்றுக்கும் இளகிய மண்ணுக்கும் அது சரி. பட்டன் மண்ணுக்குள் இறங்கிப் பல்சக்கரம்போலப் பற்றிக்கொள்ளும். வெயிலில் காய்ந்து இறுகிய தடத்தில் இறங்க வழியில்லை. மொத்த எடையும் சில பட்டன்களின் நுனியில் நிற்கிறது. உயரமான பட்டன் வளைவில் பக்கவாட்டில் மடங்கும், நெளியும், பிறகு சட்டென்று பிடியை விடும். அந்தக் கணத்தில் முன்சக்கரம் நழுவினால் விழுந்தே தீர வேண்டும்.

அப்படியானால் பிடிப்பது எது? ரப்பர் இரண்டு வகையில் பிடிக்கிறது. ஒன்று, அதன் மூலக்கூறுகள் பரப்போடு நேரடியாக ஒட்டிக்கொள்கின்றன. மற்றொன்று, தரையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் ரப்பர் அமுங்கி வழிகிறது. அமுங்கிய ரப்பர் உடனே பழைய வடிவுக்கு வருவதில்லை. சற்றுத் தாமதித்தே மீள்கிறது. அதற்குள் அடுத்த மேடு வந்து முட்டுகிறது. அந்த முட்டலே பிடி. 1963இல் கே. ஏ. குரோஷ் என்ற ஆய்வாளர் உப்புத்தாள் போன்ற சொரசொரப்பான பரப்பில் ரப்பரை இழுத்து இதை அளந்தார். பரப்பின்மேல் மெக்னீசியம் ஆக்சைடு தூளைத் தூவியதும் ஒட்டும் பிடி போய்விட்டது. அமுங்கிப் பிடிக்கும் பிடி மட்டும் நின்றது. கோடைக்காலத் தடத்தில் புழுதி செய்வதும் இதே வேலைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. புழுதித் தடத்தில் நாம் பெரும்பாலும் அந்த இரண்டாவது பிடியை நம்பியே ஓட்டுகிறோம்.

ஆகவே பட்டனைவிட ரப்பரின் மென்மைக்கு நான் முதலிடம் தருவேன். ரப்பரின் கடினத்தன்மையை அளக்கும் ஷோர் ஏ அளவுகோலில் 60ஐ ஒட்டிய ரப்பர் கடினமானது, வேகமாக உருளும். 42 என்பது நன்றாக மென்மையானது. ஆனால் பிடியைத் தரும் அதே தாமதம்தான் உருளும்போது மிதிப்பவரின் ஆற்றலையும் தின்கிறது. மென்மையான ரப்பர் சீக்கிரம் தேயவும் செய்யும். இதனால்தான் பல டயர்களில் நடுப்பகுதிக்குக் கடினமான ரப்பரும் ஓரங்களுக்கு மென்மையான ரப்பரும் வைக்கிறார்கள். பின்சக்கரம் நழுவினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். எனவே முன்னால் மென்மையான டயர், பின்னால் நெருக்கமான குட்டைப் பட்டன்கள் கொண்ட வேகமான டயர் போதும்.

இறுகிய தரையின்மேல் பொடிக்கற்கள் சிதறியிருந்தால் மட்டும் கணக்கு மாறும். அவை கோலிக்குண்டுபோல உருண்டு காலை வாரும். அங்கே சைக்கிளைச் சாய்க்கும்போது கற்களை விலக்கிக் கீழேயுள்ள தரையைத் தொட, அடிப்பகுதி அகன்ற உறுதியான ஓரப் பட்டன்கள் வேண்டும்.

அடுத்தது காற்று. இதற்குக் காசு செலவில்லை, பலனோ மிகப் பெரியது. பின்சக்கரத்தில் 45 கிலோ எடை இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 40 பிஎஸ்ஐ அழுத்தத்தில் டயர் தரையைத் தொடும் பரப்பு தோராயமாக 16 சதுர சென்டிமீட்டர். 25 பிஎஸ்ஐயில் அது 26 ஆகிறது. கல்லென்று காற்றடைத்தால் வேகம் கூடும் என்பது வழவழப்பான சாலையில் பிறந்த நம்பிக்கை. கரடுமுரடான தடத்தில் இறுகிய டயர் ஒவ்வொரு கல்லிலும் துள்ளும். ஆளையும் சைக்கிளையும் தூக்கிப் போடுவதில் ஆற்றல் வீணாகும். அளவாகக் காற்றுள்ள டயர் கல்லைத் தன்னுள் அமுக்கிக்கொண்டு கடந்துவிடும்.

டியூப் உள்ள சக்கரத்தில் காற்றைக் குறைத்தால், கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கி இரட்டைத் துளை விழும். 1999இல் யூஎஸ்டி என்ற டியூப்லெஸ் அமைப்பு மலைச் சைக்கிளுக்கு வந்தபின் அந்தப் பயம் விலகியது. 75 கிலோ எடையுள்ளவர் 2.3 அங்குல டியூப்லெஸ் டயரில், முன்னால் 22, பின்னால் 25 பிஎஸ்ஐ வைத்துத் தொடங்கலாம். பிறகு ஒரே வளைவில் பலமுறை ஓட்டி, ஒவ்வொரு பிஎஸ்ஐயாகக் குறைத்துப் பார்க்க வேண்டும். ரிம் கல்லில் இடிக்கும் சத்தம் கேட்டாலோ, வளைவில் டயர் குழைந்து ஆடினாலோ, ஒன்றிரண்டு பிஎஸ்ஐ கூட்டிவிட்டு அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

இந்தச் சோதனையை மழை தூறிய மறுநாள் காலையில் செய்ய வேண்டாம். அன்று புழுதி அடங்கி மண் லேசான ஈரத்தோடு இருக்கும். எந்த டயரும் நல்ல டயராகத் தெரியும்.