சோபாவை வைக்கும் முன் சுவரைச் சரிசெய்யுங்கள்

கடலூரில் வீட்டுக்குப் படம் போட்டுக் கொடுப்பது என் வேலை. போன மாதம் வண்டிப்பாளையத்திலிருந்து ஒரு தம்பதி மடிக்கணினியோடு என்னிடம் வந்தார்கள். மூன்று மாதமாக இரவில் உட்கார்ந்து, ஸ்வீட் ஹோம் 3டி மென்பொருளில் தங்கள் வீட்டைத் தாங்களே வரைந்திருந்தார்கள். திரைச்சீலையின் நிறம் வரை முடிவாகியிருந்தது. "சார், இதை அப்படியே அப்ரூவலுக்குப் போட்டுக் கொடுத்துடுங்க" என்றார் கணவர்.

படம் அழகாகவே இருந்தது. வீட்டின் மொத்த அகலம் 20 அடி. அதில் 10 அடி ஹால், 9 அடி 3 அங்குலத்தில் படுக்கையறை. கூட்டிப் பார்த்தேன். மூன்று சுவருக்கும் சேர்த்து 9 அங்குலம்தான் மிச்சம் இருந்தது, அதாவது ஒரு சுவருக்கு 3 அங்குலம். அந்த மென்பொருளை நிறுவியவுடன் புதிய சுவரின் கனமாக அதில் இருப்பது 7.5 சென்டிமீட்டர். அவர்கள் அதைத் தொடவே இல்லை.

நம் ஊரில் வெளிச்சுவர் 9 அங்குலம், உள்சுவர் நாலரை அங்குலம். இரண்டு வெளிச்சுவர், ஒரு உள்சுவர் என்றால் 22.5 அங்குலம் ஆகிவிடுகிறது. உள்பக்கம் நான்கு முகத்திலும் அரை அங்குலப் பூச்சு வரும், அது 2 அங்குலம். 240 அங்குலத்தில் 24.5 போனால் அறைகளுக்கு மிஞ்சுவது 17 அடி 11.5 அங்குலம். அவர்கள் நம்பியிருந்தது 19 அடி 3 அங்குலம். ஹாலை 10 அடியாகவே விட்டால் படுக்கையறை 8 அடிகூட இல்லை. 6 அடி அகலக் கட்டில், எதிர்ச்சுவரில் 20 அங்குல ஆழத்தில் பீரோ. இரண்டுக்கும் நடுவே மூன்றரை அங்குலம். பீரோவைத் திறக்கவே முடியாது.

அந்தப் பெண் கணவரைத் திரும்பிப் பார்த்து, "ஏங்க, அப்ப நாம வரைஞ்சதெல்லாம் வீணா?" என்று கேட்டபோது எனக்குச் சங்கடமாகிவிட்டது. வீண் இல்லை. தங்களுக்கு என்ன வேண்டும் என்று இவ்வளவு தெளிவாகத் தெரிந்துகொண்டு வருபவர்கள் குறைவு. வீட்டுக்காரர்கள் தாங்களே வரைந்து பார்ப்பதை நான் எப்போதும் ஆதரிக்கிறேன். ஆனால் அந்த மென்பொருளுக்கு நம் செங்கல் தெரியாது, நம் வெயில் தெரியாது, நம் வெள்ளமும் தெரியாது. அதையெல்லாம் நாம்தான் முதலில் சொல்லிக் கொடுக்க வேண்டும். சோபா அப்புறம்.

ஆகவே மென்பொருளைத் திறந்ததும் முதல் வேலையாக விருப்பத் தேர்வுகளுக்குள் போங்கள். புதிய சுவரின் கனத்தை 9 அங்குலம் என்று மாற்றுங்கள். உள்சுவர் வரையும்போது மட்டும் நாலரைக்குக் குறைத்துக்கொள்ளலாம். சுவரின் உயரம் 250 சென்டிமீட்டர் என்று இருக்கும். அது 8 அடி 2 அங்குலம்தான். நாம் பொதுவாகத் தரையிலிருந்து 10 அடி வைத்துக் கட்டுகிறோம், அதையும் மாற்றிவிடுங்கள். வரைந்து முடித்தபின் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டால் ஒரு சிக்கல் வரும். இந்த மென்பொருள் சுவரை அதன் நடுக்கோட்டை வைத்துப் பிடிக்கிறது. கனத்தைக் கூட்டினால் சுவர் இரண்டு பக்கமும் பாதிப்பாதியாகப் பருக்கும். அறை சுருங்கும், வெளிச்சுவர் மனை எல்லைப் பக்கமும் நகரும். சுவரின் நீளம் என்று அது காட்டுவதும் நடுக்கோட்டின் நீளமே, அறையின் உள் அளவு அல்ல. உள் அளவு வேண்டுமென்றால் அறை வரையும் கருவியை எடுத்து, சுவர்களுக்கு நடுவே இருமுறை சொடுக்குங்கள். சுவரின் உள்முகத்துக்குள் அடங்கும் பரப்பு வந்துவிடும். நீள அகலத்துக்கு அளவுக்கோட்டை முகத்திலிருந்து முகத்துக்கு இழுத்துப் பாருங்கள்.

அடியும் அங்குலமும் இன்னொரு கண்ணி. 10 அடி 6 அங்குலத்தை 10.6 என்று தட்டுகிறவர்கள் அதிகம். 10.6 அடி என்றால் 10 அடி 7.2 அங்குலம். இது போகட்டும், ஒரு அங்குலத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அலகு அடியாக இருக்கும்போது 10 அடி 10 அங்குலத்தை 10.10 என்று போட்டால் மென்பொருள் அதை 10 அடி 1.2 அங்குலமாக எடுத்துக்கொள்ளும். ஏறக்குறைய 9 அங்குலம் காணாமல் போகும். அலகை முதலிலேயே அடி-அங்குலம் என்று வைத்து, அடிக்கும் அங்குலத்துக்கும் உரிய குறிகளோடு தட்டுங்கள். சுட்டியால் இழுத்து அளவைப் பிடிக்கப் போராட வேண்டாம். சுவர் வரையத் தொடங்கியதும் என்டர் விசையை அழுத்தினால் நீளத்தையும் கோணத்தையும் எண்ணாகவே கொடுக்கலாம். இந்த ஒரு விசை தெரியாமல் எத்தனையோ பேர் வெறுத்துப்போய் பாதியில் விட்டிருக்கிறார்கள்.

மனை அளவில் பத்திரத்தை மட்டும் நம்பாதீர்கள். டேப்பு எடுத்துக்கொண்டு போய் நாலு பக்கமும் அளங்கள், கூடவே மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் எடுங்கள். 30-க்கு 40 மனை மூலைமட்டமாக இருந்தால் இரண்டு குறுக்களவும் 50 அடி வரும். ஒன்று 49-ம் மற்றொன்று 51-ம் வந்தால், நாலு பக்கமும் சரியாக இருந்தாலும் மனை சாய்ந்திருக்கிறது. 30 அடி போவதற்குள் ஒன்றேகால் அடி விலகிவிடும். திரையில் நீங்கள் வரைந்த நேர்ச் செவ்வகம் பக்கத்து மனைக்குள் எட்டிப் பார்க்கும். சர்வேயர் போட்ட படம் கையில் இருந்தால் அதை மேலிருந்து நேராகப் படம் எடுத்து மென்பொருளில் பின்னணியாகப் போடலாம். தெரிந்த நீளம் உள்ள ஒரு கோட்டைக் காட்டினால் முழுப் படத்தையும் அதற்கேற்ப அளவாக்கிக்கொள்ளும். இருப்பதில் நீளமான கோட்டைக் காட்டுங்கள். சின்னக் கோட்டில் வரும் சின்னப் பிழை படம் முழுக்கப் பெருகிவிடும்.

இனி கடலூர்க்காரர்களுக்கு, முக்கியமாகக் கெடிலத்துக்கும் பெண்ணையாற்றுக்கும் பக்கத்தில் மனை வாங்கியவர்களுக்கு. இந்த மென்பொருள்கள் தரையைச் சமதளமாக எடுத்துக்கொள்கின்றன, வீட்டின் தரையையும் அதே மட்டத்தில் வைக்கின்றன. பேஸ்மட்டம், அதாவது மண்ணுக்கு மேலே வீட்டுத் தரை வரை எழுப்பும் மேடை, என்ற ஒன்றே படத்தில் இருக்காது. 2015 வெள்ளத்தைப் பார்த்தோம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணைத் தண்ணீர் பெண்ணையாற்றில் வந்து என்ன செய்தது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அதன் பிறகும் பேஸ்மட்டம் இல்லாத 3டி படத்தோடு வருகிறவர்களைப் பார்க்கிறேன். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், திரையில் தெரியாததை யாரும் யோசிப்பதில்லை.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஸ்வீட் ஹோம் 3டியில் தளங்களைச் சேர்க்கலாம், ஒவ்வொரு தளத்துக்கும் அது எந்த உயரத்தில் நிற்கிறது என்று கொடுக்கலாம். உயரம் பூஜ்யம் என்று ஒரு தளம் வையுங்கள். அதில் காம்பவுண்டு, கேட், போர்ட்டிகோ, வாசல்படி மட்டும் இருக்கட்டும். வீட்டின் தரைத்தளத்தை 90 சென்டிமீட்டருக்கு, அதாவது சுமார் 3 அடிக்கு, உயர்த்துங்கள். உங்கள் தெருவில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று அக்கம்பக்கத்தில் கேட்டு அதற்கு மேல் வையுங்கள். அளவை மனையின் மண்ணிலிருந்து எடுக்காமல் ரோட்டின் நடு மேட்டிலிருந்து எடுங்கள். ரோடு ஒவ்வொரு முறை போடும்போதும் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது.

வீட்டை உயர்த்தியதும் திரையில் ஒரு புதுக் கேள்வி வந்து நிற்கும்: படி எங்கே? 3 அடி ஏற 6 அங்குலப் படியாக ஆறு ஏற்றம் வேண்டும். கடைசி ஏற்றம் வீட்டுத் தரையிலேயே முடியும். மிச்சம் ஐந்து படிக்கும் கால் வைக்கும் இடம் 11 அங்குலம் என்றால் 4 அடி 7 அங்குலம். முன்பக்கம் 5 அடிதான் விட்டிருந்தால் படியே அதை விழுங்கிவிடும், கேட்டை உள்பக்கமாகத் திறக்க முடியாது. பைக் ஏற்றச் சரிவு போடலாம் என்பார்கள். ஒன்றுக்கு ஐந்து என்ற சரிவே பைக்குக்குச் செங்குத்துதான், அதற்கே 15 அடி நீளம் தேவை. பைக் நிற்கும் இடத்தை ஓரடி உயரத்தில் தனித் தளமாக வைத்து, படியைப் பக்கவாட்டில் திருப்பிவிடுவது பெரும்பாலும் ஒத்துவருகிறது. செம்மண்டலத்தில் ஒரு வீட்டில் இதை நான் முதலில் யோசிக்காமல் விட்டு, பேஸ்மட்டம் எழும்பியபின் போர்ட்டிகோ பில்லரை இடம் மாற்ற வேண்டியதாயிற்று. அந்தச் செலவு ஒரு குடும்பத்தின் தலையில் விழுந்ததை நான் மறக்கவில்லை. அதனால்தான் இதையே இவ்வளவு நேரம் பேசுகிறேன்.

அடுத்தது வெயில். மென்பொருளில் ஒரு திசைகாட்டி இருக்கும், பலரும் அதை அலங்காரம் என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். அதைத் திறந்து வடக்கைச் சரியாகத் திருப்புங்கள். கடலூருக்கு அட்சரேகை 11.75, தீர்க்கரேகை 79.77. புதுச்சேரிக்கு 11.93, 79.83. நேர மண்டலம் இந்தியாவுடையது. இதைக் கொடுத்துவிட்டு, புகைப்படம் உருவாக்கும் சாளரத்தில் உயர்ந்த தரத்தைத் தேர்ந்தெடுத்தால் தேதியும் நேரமும் வைக்கலாம். மே மாதம் மாலை 3 மணி என்று வைத்து மேற்குப் படுக்கையறையைப் பாருங்கள். ஏசி வாங்குவதற்கு முன் சன்ஷேடை இரண்டு அடியாக நீட்டலாமா என்று யோசிக்கத் தோன்றும். நம் அட்சரேகையில் இன்னொன்றும் உண்டு. ஏப்ரல் 21 வாக்கில் தொடங்கி ஆகஸ்ட் 22 வாக்கு வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. வடக்கு ஜன்னலில் வெயிலே வராது என்ற நம்பிக்கை இங்கே கோடையில் பொய்த்துப்போகும். ஊரைக் கொடுக்காமல் விட்டால் மென்பொருள் தானே வேறோர் ஊரை வைத்துக்கொண்டு தப்பான நிழலைக் காட்டும்.

கடல்காற்றை மட்டும் எந்த அமைப்பும் காட்டாது. பிற்பகலில் அது கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வரும். படத்தில் அந்தப் பக்கம் ஒரு அம்புக்குறி போட்டுவைத்து, காற்று உள்ளே வர ஒரு ஜன்னலும் வெளியே போக எதிரில் ஒன்றும் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

பட்டியலில் இல்லாத பொருள்களுக்குப் பெட்டிதான் மருந்து. பரணா? ஒரு சாதாரணப் பெட்டியை 7 அடி உயரத்தில் தூக்கி வையுங்கள். சன்ஷேடு, பூஜை மாடம், கிரைண்டர் மேடை, கேஸ் சிலிண்டர் எல்லாமே அளவு கொடுத்த பெட்டிகள். பார்க்க அழகாக இருக்காது, அளவு சரியாக இருக்கும். தயாராக வரும் கட்டில், அலமாரிகளை நம்பி அறையை முடிவுசெய்யாதீர்கள். உங்கள் வீட்டுக் கட்டிலையும் பீரோவையும் அளந்து அந்த எண்களைக் கொடுங்கள். சமையல் மேடையின் உயரத்தையும் அப்படித்தான் முடிவுசெய்ய வேண்டும். தினமும் சமைக்கிறவர் முழங்கையை மடக்கி நின்றால் அதற்குக் கீழே நாலு முதல் ஆறு அங்குலம். அவரை நிற்கவைத்து அளக்காமல் போட்ட மேடை இருபது வருடம் முதுகு வலி கொடுக்கும்.

பில்லரையும் பீமையும்கூட பெட்டியாகப் போடலாம். 9-க்கு 12 அங்குலப் பில்லர் நாலரை அங்குலச் சுவரிலிருந்து துருத்திக்கொண்டு நிற்பதைத் திரையிலேயே பார்த்துவிட்டால், வார்ட்ரோப் செய்ய வரும் ஆசாரியோடு அப்புறம் சண்டை வராது. ஆனால் பில்லர் எங்கே, கம்பி எவ்வளவு என்பதை நீங்கள் முடிவுசெய்யக் கூடாது. திரையில் நடுச்சுவரை நீக்கினாலும் மேல்தளம் அப்படியே நிற்கும். மண் பரிசோதனை செய்து, கட்டமைப்புப் பொறியாளர் போடும் கணக்கு அந்த மென்பொருளுக்குள் இல்லை.

அனுமதி விஷயமும் அப்படித்தான். தமிழ்நாட்டில் 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்படி முன்னிடமும் பக்கவாட்டு இடமும் விட வேண்டும். புதுச்சேரிக்கு விதிகள் வேறு. ரெட்டிச்சாவடி தாண்டி மனை வாங்குகிறவர்கள் தங்கள் இடம் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலையிலிருந்து தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்குச் சுயசான்று முறையில் உடனே அனுமதி கிடைக்கிறது. சுலபம்தான், ஆனால் எல்லாம் விதிப்படி இருக்கிறது என்று உறுதி கொடுப்பவர் நீங்கள். அளவு தப்பான படத்தை அதில் ஏற்றினால் பொறுப்பும் உங்களுடையதே. தேவனாம்பட்டினம் போலக் கடலையொட்டிய இடம் என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டலக் கட்டுப்பாட்டை முதலில் விசாரியுங்கள்.

கணினி திணறினால் செடி, கார், அலங்கார விளக்கு எல்லாவற்றையும் கடைசியில் சேருங்கள், 3டி பகுதியைச் சுருக்கிவைத்துவிட்டு மேல்நோக்குப் படத்தில் மட்டும் வேலை செய்யுங்கள். ஒவ்வொரு நாளும் வீடு-1, வீடு-2 என்று புதுப் பெயரில் சேமியுங்கள். கைபேசிச் செயலி என்றால், இலவசமாக வரைந்ததை வெளியே எடுக்கப் பணம் கேட்குமா என்று ஒரு சின்ன அறையை வரைந்து முதல் நாளே சோதித்துவிடுங்கள். அச்செடுக்கும்போது தாளுக்கேற்பச் சுருக்கும் தேர்வை எடுத்துவிட்டு 1:50 அளவில் ஏ3 தாளில் எடுங்கள். ஒரு மீட்டர் சுவர் தாளில் 2 சென்டிமீட்டர் இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள்.

அந்தத் தம்பதியிடம் சுவரின் கனத்தை மாற்றி மறுபடி வரையச் சொன்னேன். கூடவே, இப்போது குடியிருக்கும் வீட்டின் மொட்டை மாடியில் படுக்கையறையையும் சமையலறையையும் முழு அளவில் சுண்ணாம்புக்கோடு போட்டு, உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கட்டில், பீரோ அளவுக்கு அடுக்கி நடந்து பார்க்கச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை மாலை கணவருடைய அம்மா வரை எல்லோரும் மாடியில் நடந்து பார்த்திருக்கிறார்கள். புதன்கிழமை வந்தபோது ஹால் 9 அடி, படுக்கையறை 9 அடிக்கு அரை அங்குலம் குறைவு, பீரோ மாடிப்படிக்குக் கீழே. சமையல் மேடை 33 அங்குலம், அதை அம்மா நின்று அளந்து சொன்னாராம்.